படி இல்லைத்தானே?

1996ஆம் ஆண்டு, மார்ச் மாதம். ஆக்லாந்தில் மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பழைய மரவீட்டில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். ஊரை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரு சக்கர நாற்காலியும், அதுதான் குடும்பம்.

மனைவி யாழ்ப்பாணத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தவள். தொண்ணூறாம் ஆண்டு பக்கத்து வளவில் ஷெல் விழுந்தபோது எங்கள் வீட்டுச் சுவர் அவள் மேல் சரிந்தது. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. பிறகு நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, கிளாலிக் கடலேரிக் கரையில் அவளை வள்ளத்தில் ஏற்றுவதற்கு முன்பின் தெரியாத நாலு பேர் தூக்கினார்கள். உதவிதான் செய்தார்கள், குறை சொல்ல வாய் வராது. ஆனால் அந்த அவசரத்தில் சேலை விலகியது. யாருடைய கை எங்கே பிடித்தது என்று அவர்களுக்கே தெரியாது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தாள். அக்கரையில் இறங்கிய பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "இனி என்னை ஒருத்தரும் தூக்கக் கூடாது. நீங்களும்தான்."

சொன்னபடியே நடந்துகொண்டாள். ஆக்லாந்தில் ஆஸ்பத்திரியில் ஒரு வழுவழுப்பான பலகை கொடுத்தார்கள். அதைக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் பாலம் போல வைத்து, கைகளை ஊன்றி, தானே நகர்ந்து மாறுவாள். காரில் ஏறுவதும் அப்படித்தான். கால் மணித்தியாலம் ஆனாலும் சரி, நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும்.

அந்த வருடம் தை மாதம் கிளினிக்கில் காத்திருந்த நேரம் அவள் ஒரு சஞ்சிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு படத்தில் கை நின்றுவிட்டது. ஆக்லாந்துக்கு வடக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால் வருகிற ஒரு சின்ன ஊர். வைன் செய்கிற திராட்சைத் தோட்டங்கள் வரிசை வரிசையாக. எங்கள் ஊரில் திராட்சை தலைக்கு மேலே பந்தலில் படரும். பழம் பறிக்க ஏணி வேண்டும், இல்லையென்றால் ஸ்டூல் வேண்டும். இங்கே கம்பி வேலியில் இடுப்பளவில் குலைகள் தொங்கின.

"இஞ்ச பாருங்கோ, இருந்த இருப்பிலயே கைக்கு எட்டும் போல கிடக்கு," என்றாள்.

இரண்டு வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் ஆசை அது. வீட்டையும் கிளினிக்கையும் தவிர வேறு எங்கும் போக விரும்பாதவள். கோயில் விசேஷத்துக்குக்கூட வரமாட்டாள். ஒருநாள் தங்கி வருவோம் என்று நான் உடனே பிடித்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. "தூக்கிறது எண்டு வந்தால் நான் திரும்பி வந்திடுவன். பேந்து என்னை ஒரு இடத்துக்கும் கூப்பிடக் கூடாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்கு விளங்கியது, இது பிசகினால் அந்த மரவீட்டின் நாலு சுவரோடு அவள் வாழ்க்கை முடிந்துவிடும்.

நான் ஊரில் நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறியவன். இங்கே நியூ லின்னில் ஒரு பட்டறையில் குசினி அலுமாரிகளுக்குப் பலகை வெட்டினேன். அளவு என்றால் எனக்கு ஒரு திமிர் உண்டு, ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு கொப்பியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு தொடங்கினேன். நாற்காலியின் அகலம் அறுபத்து மூன்று சென்ரிமீற்றர். கதவு ஆகக் குறைந்தது எழுபது வேண்டும். கட்டில் உயரம் ஐம்பதைத் தாண்டக்கூடாது. கழிவறையில் நாற்காலி திரும்ப இவ்வளவு இடம், வழியில் எத்தனை இடத்தில் நிற்கவேண்டும், எல்லாம் எழுதினேன். பட்டறையில் கூட வேலை செய்த மன்னார் நண்பர் கொப்பியைப் பார்த்துவிட்டு, "விபூதி பூசிற ஆக்கள் வைன் ஊருக்குப் போறியளோ? அதுக்கு இவ்வளவு பிளானோ?" என்று பகிடி விட்டார்.

பிறகு தொலைபேசி எடுக்கத் தொடங்கினேன். முதலில் கூப்பிட்ட மோட்டலில் அறைகள் எல்லாம் மாடியில். இரண்டாவது இடத்தில் பெண் ஒருத்தி நல்லாகத்தான் கதைத்தாள். வீல்செயார் என்ற சொல்லைக் கேட்டதும் குரல் மாறியது. தங்களிடம் வசதி இல்லை, மன்னிக்கவும் என்றாள். மூன்றாவது இடத்தில் அறை இருக்கிறது என்றவர்கள், அதே சொல்லைக் கேட்டதும் அறை நிறைந்துவிட்டது என்றார்கள். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. ரிசீவரை வைத்த வேகத்தில் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தாங்கோவன், நான் கதைக்கிறன்."

"உமக்கேன் இந்தக் கரைச்சல்? நான் பாக்கிறன், நீர் பேசாமல் இரும்," என்று சொல்லி நடுக்கதவைச் சாத்திவிட்டேன். அவள் காதில் அந்தப் பதில்கள் விழக்கூடாது என்ற எண்ணம்தான். பாசம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

நாலாவது, மோட்டல் அல்ல. திராட்சைத் தோட்டக்காரர்கள் தங்கள் வீட்டோடு சேர்ந்த ஒரு பகுதியை விருந்தினருக்கு விடுகிறார்கள். வயதான பெண்ணின் குரல். இந்தமுறை நான் கெட்டிக்காரனாகிவிட்டேன். வீல்செயார் என்ற சொல்லை எடுக்கவே இல்லை. மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கதவின் அகலம் என்ன, கட்டிலின் உயரம் என்ன என்று மட்டும் கேட்டேன். பாவம் அந்த அம்மா, ஒவ்வொன்றுக்கும் போய் அளந்து வந்து சொன்னார். எல்லாம் கச்சிதம். கடைசியாக, மிக முக்கியமான கேள்வி. மனதுக்குள் தமிழில், 'படி ஒன்றும் இல்லைத்தானே?' என்று வந்தது. அதை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றினேன்.

"நோ ஸ்டெப்ஸ், நோ?"

"யெஸ்," என்றார். அதற்கு மேலும் ஏதோ சொல்ல வந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவரைச் சொல்ல விடவில்லை. "வெரி குட், வெரி குட்!" என்று இரண்டுதரம் சொல்லி, பெயரைக் கொடுத்து, சனிக்கிழமைக்கு அறையைப் பதிந்துவிட்டு வைத்தேன். கொப்பியில் 'படி இல்லை' என்று எழுதி அடியில் இரண்டு கோடு வேறு போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை அவள் விடியவே எழும்பி, தலை முழுகி, பெட்டியிலிருந்து நல்ல நீலச் சேலை ஒன்றை எடுத்து உடுத்திருந்தாள். இங்கே வந்த பிறகு அவள் சேலை உடுத்ததே அன்றைக்குத்தான். என்னுடைய பழைய ஸ்டேஷன் வாகனில் பலகையை வைத்துத் தானே ஏறினாள். வழி முழுக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தாள். காற்று தலைமயிரைக் கலைத்தது, கவலைப்படவில்லை. ஒரு பெற்றோல் நிலையம், பாலும் பாணும் பத்திரிகையும் விற்கிற ஒரு டெய்ரி, ஒரு சின்னத் தேவாலயம். அதோடு ஊர் முடிந்து தோட்டங்கள் தொடங்கின.

வளவுக்குள் காரைத் திருப்பினேன். வீட்டு முகப்பு தெரிந்தது. மூன்று படி.

முதலில் வேறு வாசல் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, விருந்தினர் அறைக்குப் போகிற வாசலே அதுதான். மனைவி பலகையை வைத்து இறங்கி, நாற்காலியில் அமர்ந்து, மடியில் கைகளைக் கோர்த்துக்கொண்டு அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் கிளாலிக் கரையில் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கார அம்மா ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். நாற்காலியைப் பார்த்ததும் அவர் திகைத்து நின்றது தெரிந்தது. எனக்கோ வெட்கமும் கோபமும் சேர்ந்து பிடுங்கித் தின்றது. குரலை உயர்த்திவிட்டேன். படி இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். அவர் பொறுமையாக, இல்லை, இருக்கிறது என்றுதான் சொன்னேன், மூன்று படி என்று சொல்ல வந்தேன், நீங்கள் வெரி குட் என்று சொல்லி வைத்துவிட்டீர்கள் என்றார். அளவெல்லாம் கேட்டபோது ஏதோ பெரிய பெட்டி கொண்டுவருகிறீர்கள் என்று நினைத்தேன் என்றும் சொன்னார். பெட்டி என்றதும் நாற்காலியில் இருந்தவளைப் பார்த்து அவருக்கே நா குழறியது.

சத்தம் கேட்டு அவருடைய கணவரும் தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவரும் வந்தார்கள். இரண்டு பேரும் நல்ல வாட்டசாட்டமான ஆட்கள். இதென்ன பெரிய விஷயம், நாங்கள் தூக்கி வைத்துவிடுகிறோம், ஒரு நிமிஷ வேலை என்றார்கள்.

இனி எழுதப்போவதை எழுதக் கை கூசுகிறது. நான் சரி என்றேன். சரி என்றதோடு நிற்கவில்லை. நீங்கள் இடது பக்கம், நீங்கள் வலது பக்கம், சக்கரத்தைப் பிடிக்கவேண்டாம், சட்டத்தைப் பிடியுங்கள் என்று அவள் தலைக்கு மேலாகக் கை நீட்டி ஒழுங்கு செய்யத் தொடங்கிவிட்டேன். ஒரு அலுமாரியை ஏற்றுகிற மாதிரி. பிறகு அவள் பக்கம் குனிந்து, "ஒருக்காத்தானே. கண்ணை மூடிக்கொள்ளும்," என்றேன்.

அவள் நாற்காலியின் இரண்டு பிரேக்கையும் இறுக்கினாள். கிட்ட வந்த இருவரும் நின்றுவிட்டார்கள்.

"டெலிபோனில என்னெண்டு கேட்டனீங்கள்? கேட்ட மாதிரியே சொல்லுங்கோ."

சொன்னேன்.

"நாங்கள்தான் 'இல்லைத்தானே' எண்டு கேட்டால், 'ஓம், இல்லை' எண்டு சொல்லுறது. இங்கிலீசில 'யெஸ்' எண்டால் இருக்குது எண்டு அர்த்தம். இதை ஏழாம் வகுப்புப் பிள்ளையளுக்கும் நான் படிப்பிச்சிருக்கிறன்."

சென்ரிமீற்றர் பிசகாமல் அளந்தவன், ஒற்றைச் சொல்லில் சறுக்கியிருக்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அவள் அதோடு விடவில்லை.

"வீல்செயார் எண்டு சொன்னீங்களோ?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"கட்டிலைச் சொல்லியிருக்கிறீங்கள், கதவைச் சொல்லியிருக்கிறீங்கள். என்னைச் சொல்லேல்ல." குரல் உயரவே இல்லை. "எனக்குக் காலுக்குத்தானே ஏலாது. வாய்க்கு என்ன? அதையும் ஏன் நீங்கள் எடுத்தனீங்கள்?"

என் வாழ்க்கையில் யாரும் என்னை இப்படி அடித்ததில்லை. ஆறு வருடமாக டாக்டரிடம் அவளுக்கு எங்கே நோகிறது என்று நான் சொன்னேன். கடையில் அவளுக்கு எந்தச் செருப்பு என்று நான் சொன்னேன். விசா நேர்முகத்திலேகூட அவளிடம் கேட்டதற்கு நான்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். ஆங்கில ரீச்சருக்கு என்னுடைய ஓட்டை ஆங்கிலத்தில்! அவள் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்ததை நோயின் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எங்கள் மொழி ஒரு சொல் விளங்கியிராது. ஆனால் நடந்தது என்னவென்று விளங்கிவிட்டது போலும். இரண்டு ஆண்களையும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். கடைசிப் படியில் உட்கார்ந்தார். இப்போது அவர் முகமும் என் மனைவியின் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. உங்களுக்கு என்ன செய்ய விருப்பம் என்று கேட்டார். திரும்பிப் போக விரும்பினால் அதுவும் சரி, அதற்கு முன் ஒரு தேநீர் இங்கேயே கொண்டுவந்து தருகிறேன் என்றார்.

பழக்கதோஷம், என் வாய் திறந்துவிட்டது. "ஷீ..." என்று தொடங்கினேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அவளைப் பார்த்தபடியே காத்திருந்தார்.

மனைவி பேசினாள். வகுப்பறையில் பேசுகிற அந்த ஆங்கிலத்தை ஆறு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் தெளிவு, அவசரமில்லை. வீடு சரிவில் இருக்கிறதே, பின்பக்கம் நிலம் எவ்வளவு உயரத்தில் வருகிறது என்று கேட்டாள். நானும் வந்ததிலிருந்து அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்த அம்மா யோசித்துவிட்டு, பின்னால் துணி தோய்க்கிற அறைக் கதவு நிலத்தோடு நிலமாக இருக்கிறது, ஆனால் அங்கே போகப் பாதை இல்லை, கொடி வரிசைகளுக்கு நடுவே புல்லில் சுற்றிப் போகவேண்டும், உள்ளே வோஷிங் மெஷின் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றார்.

"அகலம் எவ்வளவு வேணும்?" மனைவி என்னிடம் கேட்டாள்.

"அறுபத்து மூண்டு. எழுபது இருந்தால் நல்லம்."

மெஷினை எடுத்தால் எழுபதுக்கு மேலேயே வரும் என்றார் கணவர். அவள் பிரேக்கைத் தளர்த்தினாள். "தள்ளலாம். தூக்கக் கூடாது," என்று தமிழில் எனக்குச் சொல்லிவிட்டு, அதையே ஆங்கிலத்தில் அவர்களுக்கும் சொன்னாள். மூன்று பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

புல்லில் முன் சக்கரம் புதைந்தது. நாற்காலியைத் திருப்பிப் பின்புறமாக இழுத்துக்கொண்டு போனேன். வேர்த்து வழிந்தது. குருவிகள் கொத்தாமல் இருக்கக் கொடிகளுக்கு வலை போர்த்தியிருந்தார்கள். பாதி வழியில் அவள் நிற்கச் சொன்னாள். வீட்டுக்கார அம்மாவிடம் ஏதோ கேட்டாள். அவர் வலையின் ஓரத்தைப் பிடித்து உயர்த்தினார். அவள் கையை நீட்டினாள். எட்டிப் பிடிக்கவும் இல்லை, எம்பவும் இல்லை. சும்மா நீட்டினாள், ஒரு குலை உள்ளங்கைக்குள் வந்து இருந்தது.

ஒரு பழத்தைப் பிடுங்கி வாயில் போட்டுவிட்டு, "இனிப்புத்தான். கொட்டைதான் கூட," என்றாள். கண் நிறைந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. எனக்கு ஒன்று தரவும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

நாங்கள் பின்பக்கம் போய்ச் சேர்ந்தபோது இரண்டு ஆண்களும் மூச்சுவாங்கியபடி வோஷிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் தூக்கப்பட்டது அது ஒன்றுதான். கதவின் இரண்டு பக்கமும் மூன்று விரலுக்குக் குறையாத இடம் விட்டு, அவள் சக்கரங்களைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

சாப்பாட்டு மேசையில் அந்த அம்மா எங்களுக்குத் திராட்சைச் சாறு ஊற்றித் தந்தார். மனைவி அவரோடு கதைத்துக்கொண்டே இருந்தாள். சுவர் சரிந்த கதையையும் சொன்னாள், எனக்கே முழுதாகச் சொல்லாத விவரங்களோடு. அந்த நிமிஷம் தனக்குக் காலைவிட மேசையில் திருத்தாமல் கிடந்த பரீட்சைத் தாள்களைப் பற்றித்தான் யோசனை ஓடியது என்று அவள் சொல்ல, நான் கரண்டியோடு உட்கார்ந்திருந்தேன். ஆறு வருடம் பக்கத்திலேயே இருந்த எனக்கு அது புதுச் செய்தி.

திரும்பி வந்த பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு வேலை மட்டும் செய்யச் சொன்னாள். சுவரில் உயரத்தில் இருந்த தொலைபேசியை இறக்கி, தன் கைக்கு எட்டுகிற உயரத்தில் பூட்டச் சொன்னாள். அன்றே பூட்டினேன். அதன் பிறகு ஆஸ்பத்திரி, வீட்டு உரிமையாளர், மின்சாரக்காரர் எல்லாருக்கும் அவள்தான் கதைத்தாள். யாரிடம் கதைத்தாலும் தான் வீல்செயாரில் இருப்பதை முதல் வசனத்திலேயே சொல்லிவிடுவாள். சில பேர் போனை வைத்தார்கள். வைத்தவர்களுக்குத் திரும்பவும் எடுத்தாள். அடுத்த வருடம், புதிதாக வந்த எங்கள் ஊர்ப் பெண்கள் சிலருக்கு வீட்டிலேயே ஆங்கிலம் படிப்பிக்கத் தொடங்கினாள். இல்லைத்தானே என்ற கேள்விக்கு என்ன பதில் என்பதைப் படிப்பிக்கிற நாளில், என்னைக் கூப்பிட்டுக் கதவடியில் நிற்கவைத்து, நான் செய்ததை என் வாயாலேயே சொல்லச் சொல்வாள். சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

இப்போதும் கிளினிக்குக்குப் போனால், புதிதாக வருகிற டாக்டர் அவளைத் தாண்டி என்னைப் பார்த்து, இவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பதுண்டு. பதில் எனக்குத் தெரிந்திருந்தாலும் நான் அவள் பக்கம் திரும்பிக்கொண்டு பேசாமல் இருப்பேன். வாயைத் திறக்க ஒரு மனிதனுக்கு இரண்டு வயது போதும், பக்கத்தில் இருப்பவளுக்காக அதை மூடிக்கொள்ளக் கற்க எனக்கு நாற்பது வயது தாண்டவேண்டியிருந்தது.